வளவில் நின்ற வாசனை: வாலையும் நல்லெண்ணெயும்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, வகுப்புத் தோழியர் சிலர் தொலைபேசியில் கூடிப் பேசினோம். கல்லூரியின் தாபகர், அதிபர்கள், மண்டபம் எழுந்த கதை ஆகியவற்றை எம்மிலும் மூத்தோர் நன்கு எழுதுவர். எமது நினைவுக்கு முதலில் வந்தது ஒரு மணம். 1994 ஆம் ஆண்டில் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் எழுந்த, அவிந்த மல்லிகைப் பூவின் மணம். அது நல்ல மணமன்று.

அந்த மணத்திலிருந்து தொடங்கி, எமது வீட்டு வளவுகளில் நின்ற வாசனைச் செடிகள் பற்றியும், அவற்றிலிருந்து வாசனையைப் பிரித்தெடுக்க மனிதர் கண்ட வழிகள் பற்றியும் இங்கு எழுதுகிறோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் பூச்சாடியில் மல்லிகை வளர்க்கும் எமது சகோதரிகள், "இதிலிருந்து வீட்டிலேயே வாசனைத் தைலம் செய்யலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். செய்யலாம். எப்படிச் செய்வது என்பதற்கு விடை அந்த 1994 ஆம் ஆண்டுப் பாடத்திலேயே இருக்கிறது.

ஆய்வுகூடத்தில் இரண்டு நாட்கள்

அது பொருளாதாரத் தடைக் காலம். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் விட்டு, திரி கொளுத்திப் படித்தோம். சவர்க்காரம் கிடைப்பது அரிது. பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். ஆய்வுகூடத்து அலுமாரியில் கண்ணாடிக் குடுவைகள் இருந்தன. அவற்றுக்குள் விடுவதற்கு இரசாயனப் பொருள் எதுவும் இருக்கவில்லை.

எமது விஞ்ஞான ரீச்சர் அதைக் குறையாகக் கருதவில்லை. "வளவில இருக்கிறதைக் கொண்டு வாங்கோ பிள்ளையள்" என்றார். காய்ச்சி வடித்தல் பாடத்துக்காக ஒருத்தி எலுமிச்சைப்புல் ஒரு கட்டுக் கொண்டு வந்தாள். சிரட்டைக்கரி அடுப்பில் குடுவை ஏறியது. ஒடுக்கியைக் குளிர்விக்கக் குழாய்நீர் இல்லை. கிணற்றிலிருந்து அள்ளிய வாளியை இரண்டு பேர் மாறி மாறி மேசைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, இறப்பர்க் குழாய் வழியே நீர் இறங்கியது. அரை மணி நேரத்தில் மறுமுனையில் கலங்கலான நீர் சொட்டியது. அதன் மேல் மெல்லிய மஞ்சள் படை. ஆய்வுகூடம் முழுவதும் புல்லின் மணம். எம்மில் பலர் அந்த நீரைக் கைக்குட்டையில் தொட்டு வீட்டுக்குக் கொண்டு போனோம்.

மறுநாள் ஆசை கூடிவிட்டது. வகுப்பில் முப்பது பேரும் மல்லிகைப் பூக் கொண்டு வந்தோம். அதே குடுவை, அதே அடுப்பு, அதே வாளி. வடிந்த நீரை ரீச்சர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எமக்கு நீட்டினார். கீரை அவித்த தண்ணீர் போன்ற மணம்.

எம்மில் ஒருத்தி அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது அவளுடைய அம்மம்மா சிரித்தாராம். "மல்லிகையை ஆரும் அடுப்பில வைக்கிறதே? அது சூடு தாங்காது பிள்ளை. நல்லெண்ணெய்க்குள்ள போடு. நாளைக்கு அந்தப் பூவை எடுத்துப்போட்டு வேற பூப் போடு. அப்பிடிப் பத்து நாள் செய்து பார்." இந்தப் பதிலை அவள் வகுப்பில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நாம் சிரிக்கத் தொடங்கினோம். ரீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 'முறை 2' என்று எழுதி, அம்மம்மாவின் சொற்களை அப்படியே கீழே எழுதினார். எல்லோரும் அதைக் குறிப்புக் கொப்பியில் எழுதினோம். பரீட்சைக்கு வராத ஒன்றை அன்று எழுதியது எமக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அந்த இரண்டு முறைகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தோம்.

முதலாம் முறை: வாலை

காய்ச்சி வடிக்கும் கருவிக்குத் தமிழ் வைத்தியத்தில் 'வாலை' என்று பெயர். வாலையில் இட்டு வடித்து எடுக்கும் நீரைத் 'தீநீர்' என்பர். வயிற்று வலிக்குக் கொடுக்கும் ஓமத் தீநீர் எமது பாட்டிமாரின் மருந்துப் பெட்டியில் தவறாமல் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கென்று செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களும் உண்டு. பின்னர் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது முயற்சியின் பயனாக 1875 இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. சிரட்டைக்கரி அடுப்பில் நாம் தமிழில் கற்ற இரசாயனத்துக்கு முன்னோடிகள் இவர்கள்.

உலக வரலாற்றில் இன்னும் பின்னோக்கிப் போகலாம். கி.மு. 1200 அளவில் மெசப்பொத்தேமியாவில் எழுதப்பட்ட களிமண் பலகை ஒன்று தப்பூத்தி என்ற பெண்ணைக் குறிப்பிடுகிறது. அவர் அரண்மனையில் வாசனை தயாரிப்போருக்குத் தலைவியாக இருந்தவர். பூ, எண்ணெய், கோரைக்கிழங்கு, வெள்ளைப்போளம் முதலியவற்றைச் சேர்த்து, வடித்து, மீண்டும் வடித்தார். பெயர் தெரிந்த முதல் இரசாயனவியலாளர் என்று பலர் அவரைச் சொல்வர். பெண்கள் கல்லூரி ஒன்றின் மலரில் இந்தப் பெயர் அச்சேறுவது பொருத்தமே. கி.பி. 9 ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, நூற்றுக்கு மேற்பட்ட வாசனைச் செய்முறைகளை ஒரு நூலில் தொகுத்தார். பாரசீகத்தின் பன்னீர் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் சென்றது. எமது திருமண வாசலில் தெளிக்கும் பன்னீர் அந்த வழியில் வந்ததே.

வட இந்தியாவில் கன்னோஜ் நகரம் இன்றும் பழைய முறையிலேயே அத்தர் வடிக்கிறது. செம்புப் பானையில் பூவும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகு எரிப்பார்கள். மூங்கிற் குழாய் வழியே ஆவி இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குள் போகும். தண்ணீர்த் தொட்டியில் அமர்ந்திருக்கும் அந்தப் பாத்திரத்துக்குள் சந்தன எண்ணெய் இருக்கும். பூவின் மணத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனையைக்கூட, சுட்ட மண்ணிலிருந்து இவ்வாறு வடித்து எடுக்கிறார்கள்.

எமது நாட்டிலும் வாலை பெருந்தொழிலாக இருந்தது. தெற்கே மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில் விளைந்த சிற்றனெல்லாப் புல்லின் எண்ணெய், 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பெயராலேயே உலகச் சந்தையில் விற்றது. சவர்க்காரத்துக்கு அது வாசனை தந்தது. பின்னர் யாவாவில் வளர்ந்த இனம் கூடுதல் மணப்பொருள் தந்ததால் எமது புல் பின்தள்ளப்பட்டது. கறுவாவின் கதை எல்லோரும் அறிந்தது. ஆயினும் ஒரு மரத்தின் இரு உறுப்புகள் இரு வேறு எண்ணெய் தருவதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டையை வடித்தால் கறுவாவின் இனிய மணம். இலையை வடித்தால் கராம்பின் மணம். கராம்பில் உள்ள யூஜினோலே கறுவா இலையிலும் மிகுந்திருப்பது இதற்குக் காரணம்.

இலை, புல், பட்டை, வேர் ஆகியவை தமது எண்ணெயைத் திசுக்களுக்குள் சேமித்து வைக்கின்றன. நீராவி அதைத் திறந்து வெளியே கொண்டு வருகிறது. எமது முதல் நாள் வெற்றிக்கு இதுவே காரணம்.

இரண்டாம் முறை: நல்லெண்ணெய்

மல்லிகை தன் மணத்தைச் சேமித்து வைப்பதில்லை. மாலையில் விரியும்போது உண்டாக்கி, உண்டாக்கியபடியே காற்றில் விடுகிறது. கொடியிலிருந்து பறித்த பின்னும் ஏறக்குறைய ஒரு நாள் வரை இவ்வேலை நடக்கிறது. பறித்த மொட்டு கூந்தலில் விரிந்து மணப்பதை நாம் எல்லோரும் அறிவோம். கொதிநீரில் இட்டால் பூ அக்கணமே இறந்துவிடும். மணம் உண்டாவதும் நின்றுவிடும். எண்ணெயிலோ கொழுப்பிலோ வைத்தால் பூ உயிரோடிருக்கும் வரை மணத்தை விட்டுக்கொண்டேயிருக்கும். எண்ணெய் அதை வாங்கிக்கொண்டேயிருக்கும். "அது சூடு தாங்காது" என்று அம்மம்மா சொன்னதன் விஞ்ஞானம் இவ்வளவுதான்.

பிரான்சின் தெற்கே கிராஸ் என்ற ஊர் உண்டு. தோல் பதனிடும் ஊராக இருந்து, தோலுறைகளின் நாற்றத்தை மறைக்க வாசனை பூசத் தொடங்கி, பின்னர் உலகின் வாசனைத் தலைநகரானது. அங்கே மரச் சட்டத்தில் பொருத்திய கண்ணாடியில் கொழுப்பைப் பூசி, அதன் மேல் மல்லிகைப் பூக்களைப் பரப்புவார்கள். மறுநாள் அவற்றை எடுத்துவிட்டுப் புதுப் பூ. இப்படிப் பல வாரங்கள். பின்னர் அந்தக் கொழுப்பை மதுசாரத்தில் கழுவி மணத்தைப் பிரிப்பார்கள். 2018 இல் இவ்வூரின் வாசனைக் கலையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்டது. அங்கே வளரும் மல்லிகை எமது பிச்சிப்பூவின் இனமே.

வட இந்தியாவில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, மணமேறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். சீனத்தில் தேயிலைக்கும் மல்லிகைக்கும் இடையே இதே உறவு: இரவில் கலந்து வைத்து, விடிந்ததும் பூவை நீக்கி, மீண்டும் புதுப் பூ. கொழுப்பு, எள், தேயிலை என்று ஊடகம் மாறினாலும் வேலை ஒன்றே. அம்மம்மாவின் நல்லெண்ணெய்ப் போத்தலும் இந்த வரிசையில் வருவது.

அந்த அம்மம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் இளவயதிலேயே கணவரை இழந்தவர். வளவில் மூன்று பந்தல் மல்லிகை வளர்த்தார். அயலில் எந்தக் கலியாண வீட்டுக்கும் பூ அங்கிருந்துதான் போகும். அவர் தலையில் பூ வைத்து ஒருவரும் கண்டதில்லை. ஊர் வழக்கு அப்படி. எண்ணெய் வைக்கக் கூடாது என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. "பூத்தான் வைக்கேலாது, எண்ணெய் வைக்கலாம்" என்று ஒரு நாள் பேர்த்தியிடம் சொல்லியிருக்கிறார். அவர் ஏன் அந்த முறையை இவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தார் என்பது அப்போது எமக்கு விளங்கவில்லை. இன்று எமது கிளினிக்குகளுக்கு வரும் இளம் விதவைகளைக் காணும்போது விளங்குகிறது. வழக்கு சிறிது தளர்ந்திருக்கிறது. முற்றாகப் போய்விடவில்லை.

வளவில் நின்றவை

எமது வீட்டு வளவுகளில் வாசனைக்கென்று தனித் தோட்டம் இருந்ததில்லை. கிணற்றடி வாய்க்காலோரம் எலுமிச்சைப்புல்லும் ரம்பையும் நின்றன. சோற்றுக்குள் போடும் ரம்பை இலையின் மணமும் பாஸ்மதி அரிசியின் மணமும் ஒரே வேதிப்பொருளால் உண்டாவன. முற்றத்தில் துளசி. வேலியோரம் பவளமல்லிகை, விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும். கடனீரேரியோரம் தாழை. தாழையில் ஆண் மரத்தின் பூவுக்கே மணம் உண்டு. மடலைப் பெட்டகத்துள் கூறைச் சேலைக்கு நடுவே வைப்பார்கள். வெட்டிவேரை முடிந்து மண்பானைத் தண்ணீருக்குள் போடுவார்கள். மகிழம்பூ காய்ந்து சருகான பின்னும் மணக்கும். கோத்த மாலையைச் சுவாமி அறையில் மாதக்கணக்கில் தொங்கவிடுவார்கள்.

இவற்றுள் மல்லிகைக்குத் தனி இயல்பு உண்டு. நாம் வளர்க்கும் அடுக்கு மல்லிகை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. பதிவைத்தோ தண்டு வெட்டி நட்டோதான் அது பெருகும். ஆகவே எந்த வளவில் நிற்கும் மல்லிகையும் இன்னொரு வளவிலிருந்து ஒருவர் கையால் வந்தது. கலியாணமாகிப் போகும் பெண் தாய்வீட்டுப் பதியனைக் கொண்டு போனாள். அயலவர் வேலிக்கு மேலாகக் கொடுத்தார். பறவையோ காற்றோ இதைப் பரப்பவில்லை. பெண்கள் பரப்பினார்கள். மல்லிகையின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடினால் கைகளின் நீண்ட வரிசை ஒன்றே தெரியும். அதை எண்ணெயில் இடும் அறிவும் அப்படியே கைமாறி வந்தது. எந்தப் பாடநூலிலும் அது இருக்கவில்லை.

கை விட்டுப் போனால் இரண்டும் போய்விடும்.

1995 உம் அதன் பின்னும்

எமது வகுப்பில் வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்து வந்த தோழியர் இருந்தனர். தம் வளவில் என்னென்ன நின்றது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 இரவு நாம் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். மழையில், நாவற்குழிப் பாலத்தில், அடிமேல் அடி வைத்து நகர்ந்த கதையை இம்மலரில் வேறு சகோதரிகள் எழுதியிருப்பார்கள். பதியன் கொண்டு போகும் எண்ணம் யாருக்கும் வந்திராது.

1996 இல் சித்திரையின் பின் திரும்பி வந்தபோது அந்த அம்மம்மா வரவில்லை. தென்மராட்சியில் காலமாகியிருந்தார். வீட்டின் கூரை போயிருந்தது. மூன்று பந்தலும் இருந்த இடம் தெரியவில்லை. பேர்த்தி அழுதது பந்தலுக்காகத்தான் என்று நாம் நினைத்தோம்.

கல்லூரி திறந்த முதற் கிழமையில் ரீச்சர் அவளைக் கூப்பிட்டு ஆய்வுகூடத்தின் பின்பக்கம் அழைத்துச் சென்றார். சுவரோரம், நாம் வாளி வாளியாகக் குளிர்நீர் ஊற்றிவிட்ட அதே இடத்தில், ஒரு மல்லிகைக் கொடி நின்றது. இலைகளில் பாதி காய்ந்திருந்தது, வேர் பிழைத்திருந்தது. 'முறை 2' எழுதிய கிழமையில் அம்மம்மா ரீச்சருக்கு ஒரு பதியன் கொடுத்தனுப்பியதை அவள் மறந்தே போயிருந்தாள். அந்த ஆண்டு மாரிக்கு ரீச்சர் அதிலிருந்து பதிவைத்துக் கொடுத்தார். கல்லூரியிலிருந்து மல்லிகை வீட்டுக்குத் திரும்பிப் போனது.

வலிகாமம் வடக்குத் தோழி ஒருத்தியின் காணி இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தே விடுவிக்கப்பட்டது. பற்றை வெட்டிப் பார்த்தபோது வீடு இல்லை. கிணறும் ஒரு மகிழமரமும் இருந்தன. மகிழம்பூவை ஒரு கடித உறையில் இட்டு, வெளிநாடு போன தோழியருக்கு அவள் அனுப்பினாள். உறையைத் திறந்தபோது மணம் இருந்தது.

ஆய்வுகூடத்து வாசனைகள்

இயற்கை வாசனை ஏன் அரிதாயிற்று என்பதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஒரு கிலோ ரோசா எண்ணெய் வடிக்க மூன்று தொடக்கம் ஐந்து தொன் வரையான இதழ்கள் தேவை. சந்தனமரம் பிற மரங்களின் வேரை அண்டி வாழ்வது. அதன் வைரத்தில் எண்ணெய் ஏறப் பல ஆண்டுகள் செல்லும். 1868 இல் வில்லியம் பேர்க்கின் கூமரினையும், 1874 இல் டீமனும் ஹார்மனும் வனிலினையும் ஆய்வுகூடத்தில் ஆக்கினார்கள். 1921 இல் வந்த சனல் இலக்கம் 5, கிராஸ் மல்லிகையோடு செயற்கை அல்டிகைட்டுகளைத் துணிந்து கலந்தது. அதன் பின் வாசனை எல்லோர் கைக்கும் எட்டும் விலைக்கு வந்தது. அதை நாம் குறை சொல்லமாட்டோம். காய்ச்சலுக்கு எமது நெற்றியில் அம்மா தடவிய ஓடிக்கொலோனும் 1709 இல் ஜேர்மனியின் கொலோன் நகரில் தொடங்கிய ஒரு வணிகச் சரக்கே.

வைத்தியர்களாகச் சில சொற்கள்

எம்மில் வைத்தியரானோர் சிலர் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் மணம் இழந்த பலரைக் கண்டோம். கொவிட்-19 தொற்றின் பின் ஒரு தாய், "டொக்டர், மிளகாய்த்தூள் வறுக்கிற மணமே தெரியேல்லை, நான் என்னெண்டு சமைக்கிறது?" என்று கேட்டார். இதற்கு ஒரு பயிற்சி உண்டு. 2009 இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டது. ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூக்கலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களைக் காலையும் மாலையும், ஒவ்வொன்றையும் சில விநாடிகள், 12 வாரங்கள் கவனமாக முகர வேண்டும். சிறு போத்தல் எண்ணெய்கள் வாங்க வசதியற்றோருக்குத் தேசிக்காய்த் தோலையும் கராம்பையும் வளவிலுள்ள இலைகளையும் கொண்டு தொடங்கச் சொன்னோம். எல்லோருக்கும் முழுதாக மணம் திரும்பவில்லை. பலருக்குச் சிறிது சிறிதாகத் திரும்பியது.

பாட்டிமார் சொன்ன எல்லாமே சரியென்று நாம் சொல்லவரவில்லை. கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தடவக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். யூக்கலிப்டஸ் எண்ணெய் சிறிதளவும் பிள்ளைக்கு நஞ்சு. பிழிந்தெடுத்த தேசிக்காய்த்தோல் எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் எரிந்து கறுத்துவிடும். விளக்கு எரிக்கும் ஸ்பிரிட்டில் மெதனோல் கலந்திருக்கும். வாசனை செய்ய அதைப் பயன்படுத்தவே கூடாது. வடித்த எண்ணெயை நேராகத் தோலில் இடாமல் வேறொரு எண்ணெயில் சில துளி கலந்து, முன்கையில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தொய்வு உள்ளோர் கடும் மணங்களிலிருந்து விலகியிருப்பது நல்லது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

வாலை முறைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அகன்ற பானையின் நடுவே ஒரு சிறு கல்லும் அதன் மேல் ஒரு கிண்ணமும் வையுங்கள். சுற்றிவர எலுமிச்சைப்புல்லையோ ரோசா இதழையோ நறுக்கிய வெட்டிவேரையோ இட்டு, கிண்ணத்துள் ஏறாதவாறு நீர் விடுங்கள். மூடியைக் கவிழ்த்து மூடி, அதன் மேல் பனிக்கட்டி வையுங்கள். மெல்லிய நெருப்பில் ஆவி மூடியில் குளிர்ந்து கிண்ணத்துள் சொட்டும். கிடைப்பது மணமுள்ள தீநீர். குளிர்சாதனப்பெட்டியில் வைத்து இரண்டு கிழமைக்குள் பயன்படுத்துங்கள். எண்ணெய் பிரிந்து வரும் அளவுக்கு வீட்டில் இலை கிடைப்பது அரிது. அதில் மனம் தளர வேண்டாம்.

மல்லிகைக்கு அம்மம்மாவின் முறை. மாலையில் விரியும் பூவை ஈரமில்லாமல் பறியுங்கள். ஈரம் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் சிக்கல் மணம் அடிக்கும். நல்லெண்ணெய்க்குச் சொந்த மணம் உண்டு. அது பிடிக்காதோர் சுத்திகரித்த தேங்காயெண்ணெய் எடுக்கலாம். பூவை அமிழ்த்தி, ஒரு நாள் கழித்து வடித்து, புதுப் பூ இடுங்கள். பத்துத் தடவையாவது செய்யுங்கள். கடைசியில் தெளியவைத்து, அடியில் தங்கிய நீரை விட்டுவிட்டு, கறுத்த போத்தலில் ஊற்றுங்கள்.

குளிர்நாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே தேங்காயெண்ணெய் உறைந்திருக்கும். உறைந்த எண்ணெயை ஒரு தட்டில் பூசி, அதன் மேல் பூவைக் கவிழ்த்து வைத்தால், நீங்கள் செய்வது கிராஸ் ஊராரின் முறையேதான். மல்லிகைச் சாடியைப் பனி விழுமுன் வீட்டுக்குள் எடுத்து, வெயில் படும் சன்னலோரம் வையுங்கள். செடியை ஊரிலிருந்து பயணப்பெட்டிக்குள் கொண்டு போக வேண்டாம். சட்டமும் இடந்தராது, நோயும் பரவும். அங்குள்ள நாற்றுமேடையில் வாங்குங்கள்; ஒரு தோழிக்குப் பதிவைத்துக் கொடுங்கள். லவண்டர் நன்றாக வளரும் நாட்டில் இருப்போர் அதை வாலையில் வடிக்கலாம்.

ஒரு வேண்டுகோள்

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளில் எத்தனையோ கட்டடங்களுக்கு நிதி சேர்த்தோம். இந்த நூற்றாண்டில் செலவில்லாத ஒன்றையும் செய்யலாம். உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயது தாண்டிய பெரியவர் இருந்தால், வளவில் என்னென்ன நின்றது, அது யார் கொடுத்த பதியன், அதை என்ன செய்தார்கள் என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஊரில் இருப்போர் ஒரு பதியனையும் கொண்டு வாருங்கள். ஆய்வுகூடத்தின் பின்சுவரோரம் இடம் இருக்கிறது.

அந்த மல்லிகை இன்னும் அங்கே நிற்கிறது. ரீச்சர் ஓய்வுபெற்று நெடுங்காலமாகிவிட்டது. தண்ணீர் ஊற்றுவது இப்போது 10 ஆம் வகுப்புப் பிள்ளைகளின் முறை. சென்ற வைகாசியில் போனபோது ஒரு பிள்ளை, "இது ஆர் நட்டது, அன்ரி?" என்று கேட்டாள். அம்மம்மாவின் பெயரைச் சொன்னோம். ஒரு கிளையைப் பதிவைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கியும் வந்தோம். எம்மில் எவள் அந்தப் பேர்த்தி என்பதை எமது வகுப்புத் தோழியர் அறிவர்.